31 வாங்கியவர்

ஒரு சின்னக் கணக்கு. கால்பந்து ஆட்டம் 90 நிமிடம். அதில் 31 கோல் வாங்கினால் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று? மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். நீங்கள் ஒரு டீயை ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் இரண்டு. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நேரத்தில் ஏழெட்டு. ஒவ்வொரு தடவையும் யாராவது வலைக்குள் போய்ப் பந்தைப் பொறுக்கி நடு மைதானத்துக்கு அனுப்பவேண்டும். 31 தடவை குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு என்ன ஆகும் என்பதை வீட்டில் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மானம் என்ன ஆகும் என்பதற்கு வீட்டில் பரிசோதனை கிடையாது.

அந்தப் பரிசோதனைக்கு ஆளானவர் பெயர் நிக்கி சலாபு. அமெரிக்க சமோவாவின் கோல்கீப்பர். 2001 ஏப்ரல் 11-ம் தேதி, ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பர் நகரத்தில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். ஆஸ்திரேலியா 31, அமெரிக்க சமோவா 0. ஆர்ச்சி தாம்ஸன் என்ற ஒரே ஆள் 13 கோல் அடித்தார். ஸ்கோர்போர்டை இயக்கியவருக்கே எண்ணிக்கை குழம்பிப்போய் 32 என்று காட்டி, பிறகு ஒன்றைக் கழித்தார்கள். நல்லவேளை, ஒன்று குறைந்தது!

சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. இந்தத் தோல்வியை வைத்து இரண்டு படங்கள் வந்திருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர்: 'நெக்ஸ்ட் கோல் வின்ஸ்'. ஒன்று, மைக் பிரெட்டும் ஸ்டீவ் ஜேமிஸனும் எடுத்து 2014-ல் வந்த டாகுமென்டரி. இன்னொன்று, அதே கதையை நடிகர்களை வைத்து டைகா வைடிடி இயக்கி 2023-ல் வந்த ஹாலிவுட் படம். முதல் படம் அந்தச் சிரிப்பைப் பாதியில் நிறுத்துகிறது. இரண்டாவது படம் அந்தச் சிரிப்பை நம்பியே கடை போட்டிருக்கிறது. இந்த வாரம் சொல்லவந்த விஷயம் இதுதான்.

படத்தின் பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். தெருவில் ஆளுக்கு ஐந்து பேராகப் பிரிந்து, செருப்பையும் செங்கல்லையும் கோல் போஸ்ட்டாக வைத்து ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். இருட்டிக்கொண்டு வரும். வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். ஸ்கோர் பதினொன்றுக்கு இரண்டு என்று கேவலமாக இருக்கும். அப்போது யாராவது ஒருத்தன் கத்துவான்: "டேய், அடுத்த கோல் அடிச்சவன் ஜெயிச்சான்!" அவ்வளவுதான். அதுவரை அடித்தது, வாங்கியது எல்லாம் ரத்து. எல்லோரும் சமம். எந்த ரூல் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டம், தோற்றுக்கொண்டிருப்பவனும் நாளைக்கு விளையாட வரவேண்டும் என்பதற்காகத் தெரு தானே கண்டுபிடித்துக்கொண்ட ஒரு கருணை.

ஃபிஃபாவிடம் அந்தக் கருணை கிடையாது. சலாபுவின் 31 அங்கே கல்வெட்டாக நிற்கிறது.

அந்த 31 எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கவேண்டும். ஏதோ நாட்டின் மிகச் சிறந்த பதினோரு பேர் போய் உதைபட்டுத் திரும்பியதாக நினைக்காதீர்கள். அமெரிக்க சமோவா பசிபிக் கடலில் அப்போது ஐம்பதாயிரம் சொச்சம் பேர் வாழ்ந்த தீவுக் கூட்டம். 1998-ல்தான் ஃபிஃபாவில் சேர்ந்தது. சம்பளத்துக்குக் கால்பந்து ஆடுபவர் அங்கே ஒருவரும் இல்லை. போட்டிக்கு முன், அமெரிக்க பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டுமே ஆடலாம் என்று உத்தரவு வந்தது. தேர்வு செய்திருந்த 20 பேரில் தேறியவர் ஒரே ஒருவர், சலாபு. சரி, இருபது வயதுக்கு உட்பட்டோர் அணியைக் கூப்பிடலாம் என்றால், அவர்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. கிடைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினார்கள். அணியின் சராசரி வயது 18. பதினைந்து வயதுப் பையன்களும் இருந்தார்கள்.

எதிரில் ஆஸ்திரேலியா. இரண்டு நாள் முன்புதான் டோங்காவை 22-0 என்று துவைத்துப் போட்டிருந்த அணி. அமெரிக்க சமோவாவின் நிலவரம் அந்தப் போட்டித் தொடரில் இது: ஃபிஜியிடம் 13, சமோவாவிடம் 8, ஆஸ்திரேலியாவிடம் 31, டோங்காவிடம் 5. நான்கு ஆட்டத்தில் வாங்கியது 57, அடித்தது பூஜ்யம். பி.காம். படித்த எனக்கு இந்த மாதிரி பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் முதலில் வருகிற கேள்வி, "யார் இந்தக் கடையைத் திறக்க லைசென்ஸ் கொடுத்தது?" என்பதுதான். 13 கோல் அடித்த தாம்ஸனே இந்த மாதிரி ஆட்டங்கள் தேவையா என்று கேட்டார். அதற்கப்புறம்தான் ஓஷியானியாவில் சின்ன அணிகளுக்கு முதலில் ஒரு தனிச் சுற்று என்று வைத்தார்கள். ஆஸ்திரேலியா 2006-ல் ஆசியக் கூட்டமைப்புக்கே போய்விட்டது.

இன்னொரு வேடிக்கை. அந்த கோஷ்டியில் நான்கே ஆட்டத்தில் 66 கோல் அடித்த ஆஸ்திரேலியா 2002 உலகக் கோப்பைக்குப் போகவில்லை. 2001 நவம்பரில் உருகுவேயை மெல்போர்னில் 1-0 என்று ஜெயித்து, மாண்டிவிடியோவில் 0-3 என்று தோற்று வீட்டுக்குப் போனது. 31 கோல் அடித்து என்ன லாபம்? ஒரு ரெக்கார்டு, ஒரு ஜோக். ரெக்கார்டு அவர்களுக்கு. ஜோக் சலாபுவுக்கு.

டாகுமென்டரி எடுத்தவர்கள் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். 2011-ல் அவர்கள் கேமராவுடன் போகும்போது, உலகத் தரவரிசையில் அமெரிக்க சமோவா கடைசி. அந்த வருடம் பசிபிக் விளையாட்டுப் போட்டியிலும் ஐந்து ஆட்டத்தில் ஐந்து தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. 2009 சுனாமி அடித்துப்போன காயமும் அந்தத் தீவில் ஆறியிருக்கவில்லை. ஆனாலும் வேலை முடிந்து, பள்ளிக்கூடம் முடிந்து, மைதானத்துக்கு வருகிறார்கள். எதற்காக? படம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்ல அவசரப்படவில்லை. அவர்கள் ஓடுவதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதற்குள் நமக்கே வெட்கமாகிவிடுகிறது. ஜெயிப்பதற்காக மட்டும்தான் விளையாடவேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அப்புறம் அமெரிக்காவிலிருந்து தாமஸ் ராங்கன் வருகிறார். ஹாலந்தில் பிறந்த கோச். கையில் மூன்று வாரம்தான். கத்துகிறார், ஓடவிடுகிறார், திட்டுகிறார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவு அவரை மாற்றுகிறது. 2004-ல் கார் விபத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பன் அவர். டாகுமென்டரி அந்தத் துக்கத்தை மறைக்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

அணியில் ஜாயா சாயெலுவா என்று ஒரு டிஃபெண்டர். சமோவா கலாசாரத்தில் 'ஃபாஃபாஃபினே' என்று சொல்லப்படும் மூன்றாம் பாலினத்தவர். ஊரில் அதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ராங்கனும் "ஆடத் தெரிகிறதா, ஆடு" என்று முதல் பதினோரு பேரில் சேர்த்துவிடுகிறார். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆடிய முதல் திருநங்கை என்ற சரித்திரம் அப்படித்தான் நடந்தது, சத்தமில்லாமல்.

இனி வைடிடியின் படம். சும்மா சொல்லக்கூடாது, சிரிக்கவைக்கிறார். அவரே பாதிரியார் வேஷத்தில் வந்து கதையைத் தொடங்கிவைப்பது ரசனையாகத்தான் இருக்கிறது. அவரும் பாலினேசிய வம்சத்தவர், மாவோரி. ஆகவே 'வெளியாள் வந்து கேலி செய்கிறான்' என்று சுலபமாக வழக்குப் போட முடியாது. தோல்வியைக் காமெடியாக எடுப்பதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. தோற்றவனே சிரித்தால் அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

என் புகார் வேறு. இந்தப் படத்தில் தோல்வி யாருடையது? மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடிக்கிற கோச்சுடையது. 31 கோல் வாங்கிய ஊரே அவருடைய மனக்காயம் ஆறுவதற்கான ஆஸ்பத்திரி ஆகிவிடுகிறது. மகள் இறந்த விஷயத்தைக் கடைசிவரை ஒளித்துவைத்து, கிளைமாக்ஸுக்குப் பக்கத்தில் நம் தலையில் போடுகிறார்கள். நிஜமாகவே மகளை இழந்த ஒருவரின் துக்கத்தை இன்டர்வெல் பிளாக் மாதிரி ட்விஸ்ட் ஆக்குவது எனக்கு ஒப்பவில்லை. ஜாயா விஷயத்திலும் அப்படியே. கோச் வேண்டுமென்றே அவரைப் பழைய ஆண் பெயரால் கூப்பிட்டுச் சீண்ட, அவர் பாய்ந்து தாக்குகிற மாதிரி ஒரு காட்சி. நிஜத்தில் எளிதாக நடந்த ஏற்பு, சினிமாவில் முட்டலும் மோதலுமாக ஆகிவிட்டது. எதற்கு? கோச் திருந்துவதற்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டுமே, அதற்கு.

நமக்கு இது புதுசு இல்லை. 'சக் தே இந்தியா', 'வெண்ணிலா கபடிக் குழு', 'இறுதிச் சுற்று', 'பிகில்' என்று நம் விளையாட்டுப் படங்களிலும் கதை சூடு பிடிக்க ஒரு கோச் வந்தாகவேண்டும். அவற்றில் நல்ல படங்களும் உண்டு. ஆனால் கோச் வருவதற்கு முன்னால் வருஷக்கணக்காகத் தோற்றுக்கொண்டே ஆடியவன் ஒருத்தன் இருப்பானே, அவனுடைய கதையை யார் எடுக்கிறார்கள்? கோச் வந்தது கடைசி மூன்று வாரம். சலாபு சுமந்தது பத்து வருடம்.

2011 நவம்பர் 22. சமோவாவின் ஆபியா நகரம். எதிரணி டோங்கா. முதல் பாதி முடிகிற நேரத்தில் ராமின் ஓட் தூரத்திலிருந்து அடித்தது ஒன்று. இரண்டாம் பாதியில் ஷலோம் லுவானி அடித்தது ஒன்று. டோங்கா கடைசியில் ஒன்றைத் திருப்பியது. 2-1. தொடர்ந்து 30 ஆட்டம் தோற்ற அணிக்கு, ஃபிஃபா கணக்கில் முதல் வெற்றி. கோலில் நின்றவர் யார் என்கிறீர்கள்? அதே நிக்கி சலாபு. டாகுமென்டரியில் அந்த விசிலுக்குப் பிறகு அவர் முகத்தைப் பாருங்கள். கோப்பை ஜெயித்தவன் களை அதில் இல்லை. கடைசித் தவணை கட்டிவிட்டு பேங்க்கிலிருந்து வெளியே வருகிறவன் முகம் அது.

வைடிடி இந்த வெற்றியோடு படத்தை முடித்துக்கொள்கிறார். நிஜம் அங்கே முடியவில்லை. அடுத்து குக் தீவுகளோடு 1-1 டிரா. அதற்கடுத்து சமோவாவிடம் 0-1 தோல்வி, அடுத்த சுற்றுக்குப் போகாமல் ஊர் திரும்பினார்கள். ஆனால் 8-0 என்று உதைத்த அதே சமோவாவிடம் இப்போது 0-1. இதையும் காட்டியிருந்தால், வெற்றிகூட இவ்வளவு அழகாக இருந்திருக்காது. தோல்வியிலும் தரம் உண்டு சார். கணக்குப் புத்தகத்தில் பழைய பதிவை ரப்பர் வைத்து அழிக்க விடமாட்டார்கள். எதிர்ப் பதிவு போட்டுத்தான் நேர் செய்யவேண்டும். 31-க்கு அவர்கள் போட்ட எதிர்ப் பதிவு அந்த 2-1 மட்டும் இல்லை, அந்த 0-1-உம்தான்.

இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால், டாகுமென்டரியைப் பாருங்கள். இரண்டையும் பார்ப்பதென்றாலும் அதை முதலில் பாருங்கள். அப்போதுதான் மற்றதில் எங்கே சிரிக்கலாம், எங்கே கூடாது என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒரு தகவல். அந்த 2001 ஆட்டத்தின் 86-வது நிமிடம். ஸ்கோர் முப்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அமெரிக்க சமோவா பையன் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு போய் ஆஸ்திரேலிய கோலைப் பார்த்து உதைத்தான். கீப்பர் பிடித்துவிட்டார். அந்த ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே வேலை அது. எதிரணி மூன்று நிமிடத்துக்கு ஒரு கோல் அடித்துக்கொண்டிருக்கும்போது எந்தக் கணக்கை வைத்து அந்தப் பையன் முன்னால் ஓடினான்? அவனைப் பொறுத்தவரை தெருச் சட்டம் அமலுக்கு வந்திருக்கவேண்டும். அடுத்த கோல் அடிச்சவன் ஜெயிச்சான்.