கொம்பு விளையாட்டுப் பாடலும் அதன் பிறப்புக் கதையும்

நாட்டுப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. ஆயின் பிறப்புக் கதை உண்டு. பாடலைப் பாடும் ஊரார் அக்கதையையும் உடன் கூறுவர். அதனை வரலாறெனக் கொள்வாரும் உளர்; கட்டுக்கதையெனத் தள்ளுவாரும் உளர். இவ்விரு திறத்தாரும் பாடலின் சுவையை இழக்கின்றனர் என்பதே எம் கருத்து.

தன்னாமுனையிலிருந்து வாவியைத் தொடர்ந்து தெற்கே செல்வோர் செட்டிபாளையம், மகிழூர் முதலிய ஊர்களிற் கண்ணகை அம்மன் கோயில்களைக் காண்பர். இம்மட்டக்களப்பு நாட்டில், மழை பொய்த்த காலத்தும் கொள்ளைநோய் பரவிய காலத்தும் அம்மனின் சினந்தணியக் கொம்பு விளையாட்டு நிகழ்த்துதல் மரபாயிருந்தது. கோவலன் பக்கம் வடசேரி எனவும், கண்ணகி பக்கம் தென்சேரி எனவும் ஊரார் இரு கட்சியாகப் பிரிவர். வைரம் பாய்ந்த வளைகொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று மாட்டி, வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பர். வென்றோர் ஆரவாரித்துத் தோற்றோரை வசைபாடுவர்.

இதன் பிறப்புக் கதை எளியது. கண்ணகியும் கோவலனும் சண்பகப்பூக் கொய்யச் சென்றபோது, அவர்தம் கொக்கைத்தடிகள் இரண்டும் சிக்கிக்கொண்டன. இருவரும் விளையாட்டாக இழுத்தனர். அதுவே இவ்விளையாட்டின் தோற்றம் என்பர்.

இந்நிகழ்ச்சி சிலப்பதிகாரத்தில் இல்லை. ஆனால் சிங்கள மக்களிடையே உண்டு. அவர்தம் ‘அங்கெலிய’ என்னும் சொல்லுக்கும் கொம்பு விளையாட்டு என்பதே பொருள். பத்தினித் தெய்வமும் அவள் கணவன் பாலங்கனும் பூக்கொய்த கதையே அங்கும் வழங்குகின்றது. கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாடு பற்றி 1984இல் வெளியிட்ட பெருநூலில் இவ்விரு மரபுகளையும் ஆராய்ந்துள்ளார். எனவே, இக்கதையை இளங்கோவடிகள் காப்பியத்தின் சிதறலெனக் கருதுதல் பொருந்தாது. இது இத்தீவின் இரு மொழியினரும் பொதுவிற் போற்றிய செல்வம்.

இனி, கதை பாடலுக்குச் செய்யும் நன்மையைக் காண்போம். காப்பியத்திற் கானல்வரியின் ஊடல் மாதவிக்கு உரியது. கணவனோடு ஊடி விளையாடும் கண்ணகியை அங்குக் காண்டல் அரிது. நாட்டு மக்களோ அவள் கையிலும் ஒரு கொக்கைத்தடியைக் கொடுத்துக் கணவனோடு சரிநிகராக இழுக்கச் செய்தனர். வசைப்பாடல்களைத் தனியே அச்சிற் படிப்போர்க்கு அவை கரடுமுரடாகத் தோன்றும். பதிப்பிப்போர் நாகரிகங் கருதி அவற்றைத் தவிர்க்க விரும்புதலும் இயல்பே. ஆயின் கதையோடு கேட்கும்போது அவ்வசை பகையன்று, ஊடல் என்பது புலனாகும். கதையைக் களைந்தால் எஞ்சுவது வெறும் ஏச்சேயன்றோ?

மேலைநாட்டுப் பாடல்களும் இவ்வுண்மையை விளக்குவன. அயர்லாந்தின் பழம்பாடலெனப் பலர் கருதும் ‘டானி பாய்’ பாடலின் சொற்களை இயற்றியவர் வெதர்லி என்னும் ஆங்கில வழக்கறிஞர். அது வெளிவந்த ஆண்டு 1913. அதன் மெட்டு மட்டுமே அயர்லாந்தினது. பெட்ரி 1855இல் அதனைப் பதிப்பித்தார். ஆயினும் கடல்கடந்து குடியேறிய ஐரிய மக்கள் அப்பாடலைத் தம் பிரிவுத் துயராகவே பாடினர். சொல் பிறந்த இடம் ஒன்று. பொருள் பிறந்த இடம் மற்றொன்று. ஸ்கொத்லாந்தில் வால்டர் ஸ்கொட் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து 1802இல் வெளியிடத் தொடங்கினார். அவருக்குப் பாடல் அளித்தோருள் ஒருவர் ஜேம்ஸ் ஹொக் என்னும் கவிஞரின் தாயார். பாடுவதற்கென அமைந்தவற்றை அச்சிலேற்றிக் கெடுத்துவிட்டீர் என அம்மூதாட்டி கடிந்துகொண்டதாக ஹொக் எழுதியுள்ளார். அக்கடிதல் நமக்கும் உரியதே.

வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ போன்ற நூல்கள் இந்நாட்டு மரபுகள் பலவற்றைக் காத்துத் தந்துள்ளன. இன்றோ ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் கையிலும் உண்டு. பாடலைப் பதியும் மாணவர் அவ்வளவில் அமையாது, யார், எப்பொழுது, யாரை நோக்கிப் பாடினர் என்பதையும், அப்பாடல் எவ்வாறு பிறந்ததென முதியோர் கூறும் கதையையும் உடன் பதிதல் வேண்டும். கதை பொய்யாயினும் ஆகுக. பாடலின் பொருளைத் திறக்கும் திறவுகோல் அதுவே.