பார்த்து வரைதலும் பார்த்து எழுதுதலும்

எண்ணெய் வண்ண ஓவியம் பழகுகிறவர்கள் ஒரு மேதையின் படத்தைப் பார்த்து வரைந்துதான் கை பழகுவார்கள். அதை யாரும் குறை சொல்வதில்லை. நம் மாணவன் மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எழுதினால் மட்டும் "காப்பி அடிச்சிட்டான்" என்கிறோம். இரண்டும் ஒன்றா? ராஜா ரவிவர்மாவை வைத்துப் பார்ப்போம்.

1862-இல், 14 வயதில், திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார் அவர். எண்ணெய் வண்ணம் தெரிந்த அரண்மனை ஓவியர், மதுரைக்காரர் ராமசாமி நாயக்கர், சொல்லித்தர மறுத்துவிட்டார். 1868-இல் வந்த தியோடர் ஜென்சனும் பாடம் நடத்தவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார்.

மாணவர்களே, அந்த 'மட்டும்'லதான் விஷயமே இருக்கு. முடிந்த படம் முகத்தைக் காட்டும். வரையும்போது பார்த்தால்தான் எந்த நிழல் முதலில் விழுந்தது, எது துடைக்கப்பட்டது என்பது தெரியும். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும். ஈரம் இருக்கும்போதே கன்னத்து வெளிச்சத்தை நிழலோடு இழைக்கலாம். சரிவராவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம்.

1873-இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் வாங்கிய படத்தைப் பாருங்கள். ஒரு நாயர் பெண் கூந்தலில் மல்லிகைச் சரம் சூடுகிறாள். வண்ணம் பூசும் முறை ஐரோப்பியருடையது. பெண்ணும் சரமும் அவர் ஊரைச் சேர்ந்தவை. ரவிவர்மாவின் ஓவியங்களில் நாடகத்தனம் உண்டு என்று ஆனந்த குமாரசாமி கடுமையாக விமர்சித்தார். தெய்வப் படங்களைப் பொறுத்தவரை நானும் பாதி ஒப்புக்கொள்வேன். லட்சுமியும் சரஸ்வதியும் அக்காள் தங்கை மாதிரிதான் இருக்காங்க. இந்தப் பெண்ணைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1894-இல் அவர் தொடங்கிய அச்சகத்தால் அந்த லட்சுமி வீடு வீடாகப் போனாள். இன்று ஜொகூர் பாரு மளிகைக் கடை நாட்காட்டியிலும் அவள் சாயல்தான். தாமரை இருக்கிறது, நான்கு கை இருக்கிறது. புடவைக்கு மட்டும் கனமே இல்லை. முடிந்த படத்தை மட்டுமே பார்த்து வரைந்தால் இப்படித்தான் ஆகும்.

மனப்பாடக் கட்டுரையும் அதே கதைதான். பழமொழியில் தொடக்கம், வாழ்த்தில் முடிவு, நடுவில் கனமில்லை. ஆனால், ஆசிரியர்களே, நாமும் முடிந்த கட்டுரையைத்தானே நகல் எடுத்துக் கொடுக்கிறோம்?

போன மாதம் ஐந்தாம் படிவ வகுப்பில் கையேட்டை மூடிவிட்டு, வெண்பலகையில் நானே ஒரு பத்தி எழுதினேன். இரண்டாம் வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டேன். அழித்தேன், மாற்றினேன், திரும்பவும் அழித்தேன். "டீச்சர், உங்களுக்குமா வரல?" என்றான் ஒருவன். வகுப்பு முடிந்து நோட்டுகளைப் பார்த்தால், ஒரு மாணவி நான் அழித்த வாக்கியங்களையும் எழுதி, கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் 'ஏன்?' என்று குறித்திருந்தாள்.