மயிலாப்பூரிலிருந்து ஆபிரகாம் வரை: மூன்று மதங்களின் முன்னோரை எப்படி ரசிப்பது

சாந்தோம் பேராலயத்துக்குக் கீழே இருக்கும் கல்லறை இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமாவுடையது என்பது மரபு. கி.பி. 72இல் அவர் இந்தப் பகுதியில் கொல்லப்பட்டார் என்றும் அந்த மரபு சொல்கிறது. தோமா யூதராகப் பிறந்தவர். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரின் கடவுளிடம் வேண்டிக்கொள்ளக் கற்று வளர்ந்தவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைக் கடந்து சென்ற மார்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறார். கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் இங்கே யாத்திரை வருகிறார்கள். இந்தப் புனிதர் எங்களவர், பெரிய இறைத்தூதர் என்று அவர்கள் சொல்கிறார்கள் என்பது அந்தச் செய்தி. குர்ஆன் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஈஸா நபியின், அதாவது இயேசுவின், சீடர்கள் தங்களை முஸ்லிம்கள் என்று சொல்லிக்கொள்வதாக அதன் 3ஆம் அத்தியாயம் கூறுகிறது. தோமா உண்மையில் மயிலாப்பூருக்கு வந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. போலோ கண்டதை எழுதினாரா, கேட்டதை எழுதினாரா என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் பதில் எதுவாக இருந்தாலும், எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கரையில் இரண்டு சமூகங்கள் ஒரே மனிதரை ‘எங்களவர்’ என்று சொன்னதாக ஒரு பதிவு இருக்கிறது. யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றுக்கும் பொதுவான முன்னோரை ரசிக்க விரும்புகிறவர் அந்த உரிமைக் குரலிலிருந்து தொடங்கலாம்.

மேடைகளில் இந்தப் பொருளை வேறு மாதிரி சொல்வார்கள். மூவரும் ஒரே தந்தையின் பிள்ளைகள், ஒரே கடவுளை வணங்குகிறவர்கள், ஆகவே வேறுபாடு ஒன்றுமில்லை என்பார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் அதைக் கேட்டபிறகு புதிதாக எதுவும் கண்ணில் படுவதில்லை. ஆபிரகாம் மூவருக்கும் பொதுவானவர் என்பதற்கு அவர்களுடைய உடன்பாட்டைவிட, அவருக்காக அவர்கள் நடத்தும் வழக்கே வலுவான சான்று. சொத்தில் பாத்தியதை உள்ள பங்காளிகள்தான் பாகம் கேட்பார்கள், அயலார் கேட்பதில்லை. ஆகவே மூன்று நூல்களிலும் ஒத்துப்போகும் இடங்களை அடிக்கோடிடுவதைவிட, ஒரே ஆளைப் பற்றி, ஒரே காட்சியைப் பற்றி, மூவரும் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று கவனித்து வாசிப்பதே நல்ல வழி என்பேன்.

ஆபிரகாம் யாருடையவர் என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஆதியாகமத்தில் 15ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் கடவுளை நம்புகிறார், அந்த நம்பிக்கை அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. விருத்தசேதனம் என்ற உடன்படிக்கையின் அடையாளம் 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. பவுல் இந்த வரிசையைப் பிடித்துக்கொள்கிறார். நம்பிக்கை முதலில், விருத்தசேதனம் பிறகு. மோசேயின் சட்டமோ 430 ஆண்டுகள் கழித்து. ஆகவே விருத்தசேதனம் செய்யாத பிற இனத்தாரும் நம்பிக்கையால் ஆபிரகாமின் பிள்ளைகளே என்று ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதுகிறார். குர்ஆனின் 3ஆம் அத்தியாயம் அதே ஆயுதத்தை இன்னொரு பக்கம் திருப்புகிறது. தவ்ராத்தும் (மோசேயின் தோரா) இன்ஜீலும் (நற்செய்தி) இப்ராஹீமுக்கு, அதாவது ஆபிரகாமுக்கு, பிறகே அருளப்பட்டவை. அப்படியிருக்க அவர் யூதராகவோ கிறிஸ்தவராகவோ எப்படி இருக்க முடியும், அவர் ஒரே இறைவனுக்கு அடிபணிந்த நேர்வழியாளர் என்கிறது. யூத ஆசிரியர்களான ரபிமார்களுடைய மிஷ்னா என்ற நூல் வேறொரு வாயிலில் நுழைகிறது. தோரா கொடுக்கப்படுவதற்கு முன்பே ஆபிரகாம் அதை முழுவதும் கடைப்பிடித்தார் என்று அது சொல்கிறது. எது முந்தியது என்ற ஒரே தராசில்தான் மூவரும் நிறுக்கிறார்கள், முடிவுகள்தான் மூன்று. ஒரே குடும்பத்தில் வளர்ந்தவர்களால்தான் இவ்வளவு நெருக்கமாக வாதிட முடியும். இந்த மூன்று இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க ஒரு மாலை போதும். பொதுவான வேர் என்ற பேச்சுக்கு அதற்குப் பிறகு ஓர் உருவம் கிடைத்துவிடும்.

அடுத்து மகனைப் பலியிடும் காட்சி. பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழாவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே, சிவனடியாருக்காகத் தன் மகன் சீராளனையே அறுத்துச் சமைத்த சிறுத்தொண்டர் நினைவு வரும். வரட்டும், அது உதவும். பெரிய புராணத்தில் சீராளனின் தாய் உடனிருக்கிறாள், பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறாள். பெற்றோர் மகிழ்வதாக எண்ணிக் குழந்தை சிரிக்கிறது. ஆதியாகமம் 22இல் தாய் சாராள் காட்சியிலேயே இல்லை. மகன் ஈசாக்கு ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று. தந்தை மழுப்பலாகப் பதில் சொல்கிறார். பிறகு மகனுடைய குரலே இல்லை. சம்மதித்தானா, அஞ்சினானா, கட்டப்படும்போது என்ன நினைத்தான் என்று நூல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை மூன்று மரபுகளாலும் தாங்க முடியவில்லை. குர்ஆனின் 37ஆம் அத்தியாயத்தில் தந்தை தன் கனவை மகனிடம் சொல்லி அவன் கருத்தைக் கேட்கிறார். கட்டளைப்படி செய்யுங்கள், என்னைப் பொறுமையாளனாகக் காண்பீர்கள் என்ற பொருளில் மகன் பதில் சொல்கிறான். சாராள் 90 வயதில் பெற்று 127 வயதில் இறந்ததைக் கணக்கிட்டு, ஈசாக்குக்கு அப்போது வயது 37 என்றார்கள் ரபிமார். நடுங்கிவிடாமலிருக்க என்னை இறுக்கிக் கட்டுங்கள் என்று அவரே கேட்டதாகவும் விளக்கம் எழுதினார்கள். திருச்சபைத் தந்தையர், விறகைத் தோளில் சுமந்து மலையேறும் ஈசாக்கில் சிலுவை சுமக்கும் கிறிஸ்துவைக் கண்டார்கள். அடுத்த அதிகாரத்திலேயே சாராள் இறப்பதால், பலிச் செய்தி கேட்டே அவள் உயிர் போனது என்கிறது யூத விளக்க மரபு. மகனைப் போலவே தாயையும் அந்தக் காட்சிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது. குர்ஆன் அந்த மகனின் பெயரைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மூத்த மகன் இஸ்மாயீல் என்பதே இன்று முஸ்லிம்களிடையே பரவலான கருத்து. ஆனால் பெரும் விரிவுரையாளரான தபரி (839–923) இஸ்ஹாக், அதாவது ஈசாக்கு, என்றே கருதினார்.

இவை ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சாந்தோமிலிருந்து லஸ் பக்கம் போகும் கச்சேரி சாலைப் பள்ளிவாசலில் ஒவ்வொரு தொழுகையின் கடைசி இருப்பிலும் இப்ராஹீமும் அவர் குடும்பத்தாரும் நினைவுகூரப்படுகிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுப்பது அந்தப் பலிக் காட்சியின் நினைவாகத்தான். கத்தோலிக்கத் திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டு ஆபிரகாமின் பலியைக் குறிப்பிடுகிறது. ஒரே சாலையின் பக்கத்தில், ஒரே நாளில், இருவேறு மொழி நடையில் ஒருவரே அழைக்கப்படுகிறார்.

மூன்றாவது குரல் மட்டும் சென்னையில் கல்லாகிவிட்டது. லாயிட்ஸ் சாலையில், இன்றைய அவ்வை சண்முகம் சாலையில், யூதர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மிண்ட் தெருப் பக்கம் இருந்த பழைய கல்லறைக் கற்கள் 1980களில் இங்கே கொண்டுவரப்பட்டன. மத்தியதரைக் கடலின் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்ற போர்ச்சுகீசிய வழி யூதர்கள் 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜாக் டி பைவா 1687இல் இறந்தார். பவளக்காரத் தெருவின் பெயரில் அந்த வாணிகம் இன்றும் இருக்கிறது. 1688இல் அமைந்த மதராஸ் மாநகராட்சியின் ஆல்டர்மேன்களிலும் யூதர்கள் இருந்தார்கள். இன்று இங்கே ஒரு ஜெப ஆலயம் இல்லை. அதனால் சென்னை வாசகருக்கு ஒரு கூடுதல் பொறுப்பு வருகிறது. யூதர்களைப் பற்றிக் கிறிஸ்தவரும் முஸ்லிமும் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. ராஷி போன்ற யூத உரையாசிரியர்களின் விளக்கத்தையும் தேடிப் பிடித்துச் சேர்த்துப் படிக்க வேண்டும். உரையோடு மூலத்தைப் படிப்பது தமிழ் வாசகருக்குப் பழக்கமான காரியம்தான்.

இந்த வாசிப்புமுறைக்கு மறுப்புகள் உண்டு. ‘ஆபிரகாமிய மதங்கள்’ என்பதே அண்மைக்காலத்து முத்திரை. மூவருக்கும் நடுவில் நடுநிலையான ஓர் ஆபிரகாம் கிடையாது என்று ஹார்வர்டின் யூத அறிஞர் ஜான் லெவன்சன் 2012இல் ஒரு நூலே எழுதினார். அவர் சொல்வதை நான் ஏற்கிறேன். நடுவிலிருக்கும் பொது ஆபிரகாமைத் தேடுவதை நிறுத்தினால்தான் மூன்று ஆபிரகாம்களும் தெளிவாகத் தெரிகிறார்கள். ஆபிரகாம் வாழ்ந்ததற்கு விவிலியத்துக்கு வெளியே தொல்லியல் சான்று இல்லையே என்று இன்னொருவர் கேட்பார். உண்மை. ஆனால் அவரைக் குறித்த வழக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக நடப்பதற்குச் சான்று தேட வேண்டியதே இல்லை. பிரிவைப் பேசினால் பகை வளராதா என்பது இவற்றைவிடக் கனமான கேள்வி. அபுதாபியில் 2023இல் திறக்கப்பட்ட ஆபிரகாமிய குடும்ப இல்லத்தில் பள்ளிவாசல், தேவாலயம், ஜெப ஆலயம் மூன்றும் ஒரே அளவுள்ள தனித்தனிக் கட்டடங்கள். ஒவ்வொன்றும் தன் தன் திசையைப் பார்த்து நிற்கிறது. வேறுபாட்டை ஒப்புக்கொண்டும் அக்கம்பக்கமாக இருக்க முடியும் என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மறைத்து வைக்கும் வேறுபாடுதான் பின்னால் வதந்தியாகிக் கலவரத்துக்கு உதவுகிறது.

முன்னோர் என்றால் தந்தையர் மட்டும்தானா என்று கேட்பவருக்கு ஆகாரைக் காட்டுவேன். எகிப்திய அடிமைப்பெண்ணும் இஸ்மவேலின் (இஸ்மாயீலின்) தாயுமான அவள், ஆதியாகமம் 16இல் தன்னோடு பேசிய கடவுளுக்குத் தானே ஒரு பெயர் சூட்டுகிறாள். விவிலியத்தில் அப்படிச் செய்த வேறொருவர் இல்லை. பவுல் அவளை அடிமைத்தனத்தின் உருவகமாக்கினார். எனக்கு அது கடுமையாகவே படுகிறது. ராஷியோ, சாராள் இறந்தபின் ஆபிரகாம் மணந்த கெத்தூராள் இதே ஆகார்தான் என்று சொல்லி அவளை வீட்டுக்கு அழைத்துவருகிறார். குர்ஆனில் அவள் பெயர் இல்லை. ஆனால் தண்ணீர் தேடி அவள் ஓடியதாக ஹதீஸ் சொல்லும் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஹஜ் செல்லும் ஆணும் பெண்ணும் ஏழு முறை நடக்கிறார்கள். ஒரு தாயின் தவிப்பைக் கோடிக்கணக்கானோரின் கால்கள் திரும்ப நடந்து பார்க்கும் இந்த வழிபாட்டுக்கு இணையாக வேறொன்றை எளிதில் சொல்லிவிட முடியாது.

வாசிப்பை ஆதியாகமம் 12 முதல் 25 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து தந்தையை அடக்கம் செய்யும் இடத்தைத் தவறவிடாதீர்கள். பிறகு கலாத்தியர் 3, 4. குர்ஆனில் 2, 14, 37ஆம் அத்தியாயங்கள். மூன்றுக்கும் தமிழ் மொழிபெயர்ப்புகள் எளிதாகக் கிடைக்கின்றன. இந்த முறை பிடிபட்டபின் யோசேப்பின் (குர்ஆனில் யூசுப்) கதைக்குப் போகலாம்: ஆதியாகமத்தின் இறுதி அதிகாரங்களும் குர்ஆனின் 12ஆம் அத்தியாயமும். யூசுபின் அழகைக் கண்டு மெய்மறந்த பெண்கள் கத்தியால் கையை அறுத்துக்கொள்ளும் காட்சி ஆதியாகமத்தில் இல்லை, குர்ஆனில் இருக்கிறது. யூத விளக்க நூல்களிலும் இருக்கிறது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அறிஞர்கள் இன்னும் முடிவு கட்டவில்லை.