தன்திருத்தமற்ற எழுத்தும் மொழிபெயர்ப்பும்: ‘ரூபசி பாங்ளா’வை முன்வைத்து

எழுதும்போதே திருத்துவது கற்பனையின் ஊற்றை அடைத்துவிடும் என்னும் கருத்து மேலைநாட்டு எழுத்துப் பயிற்சி நூல்களில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. டோரத்தியா பிராண்ட் 1934இல் வெளியிட்ட நூலில், காலையில் கண் விழித்தவுடன் எதையும் படிப்பதற்கு முன்னரே எழுதத் தொடங்க வேண்டும் என்றார். பீட்டர் எல்போ 1973இல் இதனை ஒரு பயிற்சியாகவே வகுத்தார். பத்து நிமிடம் போல நிறுத்தாமல் எழுத வேண்டும். அடித்தலும் திரும்பிப் பார்த்தலும் கூடா. சொல் வாராவிடின் இறுதியாக எழுதிய சொல்லையே மீண்டும் மீண்டும் எழுதலாம். இதனைத் தமிழில் ‘தடையிலா எழுத்து’ எனலாம். மேற்கண்ட விதிகளுள் இறுதியானதே இங்கு நமக்கு வேண்டுவது. கூறியது கூறலை இப்பயிற்சி குற்றமாகக் கொள்ளாமல், எழுத்தை நகர்த்தும் விசையாகக் கொள்கிறது. அவ்வாறு பிறந்த படைப்பை மொழிபெயர்ப்பவர் அதில் எதைக் காக்க வேண்டும்?

இவ்வினாவுக்கு வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் (1899-1954) ‘ரூபசி பாங்ளா’ தக்க சான்று. இப்பயிற்சி முறைகளை அறிந்து எழுதியவர் அல்லர் அவர். பொதுவாகப் பார்த்தால், தம் படிகளை மிகுதியாகத் திருத்தியவரும்கூட. எனினும் 1934இல் ஓர் ஏட்டில் குறுகிய காலத்திற்குள் அடுத்தடுத்து எழுதிய இக்கவிதைகளை அவர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. 1957இல் நூலாக வந்தபோது, முதலில் எழுதப்பட்டவாறே செப்பம் செய்யப்படாமல் இருந்தவை இவை என அதன் முன்னுரை தெரிவித்தது.

செப்பம் செய்யப்படாதவை என்பதால் கட்டற்றவை எனக் கொள்ளுதல் பொருந்தாது. இவற்றுள் பெரும்பாலானவை பதினான்கு அடி கொண்ட சானெட்டுகள். அடியின் நீளமும் இயைபும் கவிஞரின் கையில் முன்னரே படிந்திருந்தமையால், திருத்தும் வேலையில் ஒரு பகுதியை யாப்பே ஏற்றுக்கொண்டது எனலாம். நம் மரபில் ஆசுகவியின் நிலையும் இதுவே. கொடுத்த பொருளில் உடனடியாகப் பாடியவன் யாப்பை விட்டுவிட்டுப் பாடியதில்லை. எல்போவின் பயிற்சி இந்த இடத்தில் சற்று மெலிந்தே தோன்றுகிறது. கையில் வடிவம் இல்லாதவனுக்கு வேகம் எதைக் கொண்டுவந்து தரும் என்பதை அது போதிய அளவு ஆராயவில்லை.

யாப்புக்கு உட்படாமல் எஞ்சியது சொற்களின் மீள்வருகையே. புல், இருள், மென்மை, மைனா, பலா இலை, தான்சிரி ஆறு, பேகுலாவின் கதை ஆகியவை கவிதைக்குக் கவிதை திரும்பி வருகின்றன. நிதானமாகத் திருத்தும் கை இவற்றுள் பாதியையேனும் களைந்திருக்கும். ஆயின் ஒவ்வொரு வருகையிலும் அதே ‘புல்’ வேறொரு நினைவைச் சுமந்து வருவதால், சாவுக்குப் பின்னும் அம்மண்ணுக்கே திரும்பும் வேட்கை வெற்றுக் கூற்றாக நில்லாமல் ஓசையாகவே கேட்கிறது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழுக்குமிடம் இதுவே. கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் இருந்துகொண்டு இக்கவிதைகளுள் ஒன்றைத் தமிழாக்கியபோது இக்கட்டுரையாளரும் வழுக்கினார். அகராதியைத் திறவாமல் ஒரே அமர்வில் எழுதிய முதற்படியில் ‘புல்’ நான்கு இடங்களில் இருந்தது. ஒரு வாரம் திருத்திய பின்னர் அதனிடத்தில் அறுகு, பசுந்தரை, புற்கற்றை ஆகியன வந்து அமர்ந்தன. தமிழும் வங்காளமும் அறிந்த அண்டைவீட்டு முதியவர் ஒருவர் திருந்திய படியைக் கேட்டுவிட்டு, “கவிதை நன்றாக இருக்கிறது; புல்லைத்தான் காணோம்” என்றார்.

இவ்வாறு மாற்றுச் சொல் தேடும் பழக்கத்திற்குக் ‘கூறியது கூறல்’ என்னும் குற்றமே துணை நிற்கிறது. தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் அதனை நூலுக்குரிய குற்றங்களுள் வைத்தனவேயன்றிக் கவிதைக்கு விதித்தில. அணியியலாரோ சொல்லின் மீள்வருகையைப் பின்வருநிலை எனப் பெயரிட்டு அணியாகவே ஏற்றனர். பள்ளிக் கட்டுரைக்குக் கற்றதைக் கவிதை மொழிபெயர்ப்பிலும் நாம் கையாள்கிறோம்.

முதற்படியே சிறந்தது என இதனாற் கொள்ளலாகாது. அவ்விரைவில் ‘ஹிஜல்’ மரம் பெயர்மாறாமல் கிடந்தது. ‘செங்கடம்பு’ என்ற சொல் திருத்தத்தில்தான் கிடைத்தது. ஒரு பொருளின் பெயரைத் தேடுவது வேறு. ஒரு சொல் திரும்பி வரும் ஒழுங்கைக் கலைப்பது வேறு. முன்னதைத் திருத்தத்திற்கு விடலாம். பின்னதைத் தொடுவதற்குமுன் முதற்படியை அருகில் வைத்துக்கொள்வது நலம்.

கவிஞர் வெளியிட முற்பட்டிருப்பின் தாமே களைந்திருக்கமாட்டாரா என்பர் சிலர். களைந்திருக்கலாம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த ஏடு அவரிடமே இருந்தது. அவர் களையவில்லை, அச்சிடவும் இல்லை. அவர் செய்யாது விட்ட திருத்தத்தை அவர் பெயரால் மொழிபெயர்ப்பாளர் செய்து முடிப்பதற்கு இதில் இசைவு காண இயலவில்லை. மேலும், கையெழுத்துப் படிக்கும் முதற்பதிப்புக்கும் இடையே வேறுபாடுகள் உண்டு என்பது பின்னாளில் ஒப்பிட்டோரால் வெளிப்பட்டது. ஆகவே, தமிழாக்க முனைவோர் எப்பதிப்பை மூலமாகக் கொண்டனர் என்பதை நூல் முகப்பிலேயே குறிப்பது இன்றியமையாதது. லேக் கார்டன்ஸ் முதற்படி இப்போது நான்கு ‘புல்’லோடும் ஒரு ‘செங்கடம்’போடும் மீண்டும் எழுதப்பட்டுள்ளது.