மதிப்பெண் பட்டியல் சான்றாகுமா?

பருவத் தேர்வு முடிவுகள் வந்ததும் வணிகவியல் துறைகளில் இன்னொரு வேலை தொடங்கிவிடும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து பாடவிளைவுகள் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாடவிளைவும் பட்டப்படிப்பின் திட்டவிளைவுகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று 1, 2, 3 எனக் குறித்திருப்பார்கள். அக மதிப்பீட்டு மதிப்பெண்ணும் பருவத் தேர்வு மதிப்பெண்ணும் எக்செல் தாளில் ஏறியதும் கடைசி வரியில் ஒரு விடை வரும்: அடைவு நிலை 2.37. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டின்போது கோப்பிலிருந்து எடுத்துக் காட்டப்படுவது அந்த எண்தான். மூன்றாண்டு பி.காம். படித்தவருக்குக் கணக்கியல் எந்த அளவுக்குக் கைவந்திருக்கிறது என்று கேட்டால், நம் கல்லூரிகள் எழுத்தில் தரும் பதிலும் இதுவே.

இதை வெறும் காகித வேலை என்று ஒதுக்குவது நியாயமில்லை. முன்பெல்லாம் பாடத்திட்டம் என்றால் தலைப்புகளின் பட்டியல். கூட்டாண்மைக் கணக்கா? சேர்ப்பு, விலகல், இறப்பு, கலைப்பு, அவ்வளவுதான். படித்து முடித்தவர் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைத்ததில்லை. நாக் அமைப்பு 2017இல் திருத்திய மதிப்பீட்டு முறையில் கற்றல் விளைவுகளுக்குத் தனி இடம் தரப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் கற்றல் விளைவு சார்ந்த பாடத்திட்ட வரைவுகளும், தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டமும் அடுத்தடுத்து வந்தன. புளூம் குழுவினர் 1956இல் வகுத்த, 2001இல் திருத்தப்பட்ட ஆறு அறிவுப் படிநிலைகள் இப்போது கே1 முதல் கே6 வரை வினாத்தாளின் ஓரத்தில் நிற்கின்றன. பத்துக் கேள்வியில் எட்டு, மனப்பாடத்தை மட்டும் கேட்கின்றன என்பது வினாத்தாள் அமைப்பவரின் கண்ணில் உடனே படுகிறது. இது உண்மையான ஆதாயம், கைவிடக் கூடாதது.

கோளாறு கணக்கிடும் இடத்தில் இருக்கிறது. அறுபது பேர் வகுப்பு. 60 விழுக்காட்டினர் பாதி மதிப்பெண்ணைத் தொட்டால் அடைவு நிலை 3 என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். 36 பேர் தொட்டால் நிலை 3, 35 பேர் என்றால் நிலை 2. ஒரே மாணவரின் ஒரு மதிப்பெண்ணில் துறையின் தரம் ஏறி இறங்குகிறது. மீதி 24 பேர் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பது அந்த எண்ணில் எங்கும் இல்லை. வினாத்தாளின் பெரிய கணக்குப் பகுதியில் ஐந்தில் மூன்றுக்கு விடையளித்தால் போதும் என்பது நமக்குப் பழகிய அமைப்பு. இரண்டு அலகுகளை அடியோடு விட்டுவிட்டு வந்த மாணவர் மூன்றில் நன்றாக எழுதித் தேறுகிறார். விட்ட அலகுகளின் பாடவிளைவுக்கு அவரிடமிருந்து சொல்லத்தக்க சான்று எதுவும் இல்லை. ஆனாலும் மொத்த மதிப்பெண்ணை வைத்துக் கணக்கிடும் இடங்களில் அவர் அவற்றையும் அடைந்தவர் ஆகிவிடுகிறார். பொருத்தத்துக்கு இட்ட 1, 2, 3 ஆகியவையும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்பதற்கான அடையாளங்கள்தான். அவற்றைப் பெருக்கி, கூட்டி, வகுத்து இரண்டு தசம இடம் வரை விடை காண்பது துல்லியம் ஆகாது.

கணக்கியலில் இந்தக் கோளாறு இன்னும் ஆழமானது. காரணம், வெளிப்பார்வைக்கு இது அளப்பதற்கு மிக எளிய பாடம். இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கமும் சமன்பட்டால் சரி, இல்லாவிட்டால் தவறு. இறுதிக் கணக்கில் வழக்கமாக வரும் ஒரு சரிக்கட்டுதலைப் பாருங்கள். கடனாளிகள் ₹80,000, அதில் ₹2,000 வாராக்கடனாகப் போக்கெழுத வேண்டும், மீதிக்கு 5 விழுக்காடு வாரா ஐயக்கடன் ஒதுக்கு உருவாக்க வேண்டும். முதலில் 2,000 கழித்து, 78,000க்கு 5 விழுக்காடாக 3,900 கண்டு, கடனாளிகளை ₹74,100 என்று காட்டுவதை ஓரளவு பயிற்சி பெற்ற எந்த மாணவரும் செய்துவிடுவார். அதே மாணவரிடம், “இந்தக் கடனாளிகளில் ₹30,000 தர வேண்டியவர் போன மாதம் கடையை மூடிவிட்டார். 5 விழுக்காடு போதுமா? கணக்கு முடித்த தேதிக்குப் பிறகு அவர் மூடியிருந்தால் என்ன செய்வாய்?” என்று கேட்டால்தான் கணக்கியல் தொடங்குகிறது. 5 விழுக்காடு என்பது வினாத்தாள் கொடுத்த எண். வேலைக்குப் போன இடத்தில் அதை யாரும் கொடுக்க மாட்டார்கள். முதல் கேள்விக்கு கே3, அதாவது பயன்படுத்தும் நிலை, என்று போடுகிறோம், அடைவு கிடைத்துவிடுகிறது. இரண்டாவது கேள்வி வினாத்தாளில் வருவதே அரிது. எது எளிதில் எண்ணாகிறதோ அதையே கேட்கிறோம். கேட்டதற்கு விடை வந்ததும் பாடம் கைவந்ததாக எழுதிக்கொள்கிறோம்.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. சான்று என்றால் என்ன என்பதை மற்றத் துறைகளைவிட நன்றாக அறிந்தது கணக்கியல் துறை. நிறுவனத்துக்குள்ளேயே உருவான ஆவணத்தைவிட, தொடர்பில்லாத வெளி மூலத்திலிருந்து கிடைக்கும் சான்று பொதுவாக அதிக நம்பகமானது என்கிறது தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 500. அது ஏன் என்பதற்கு வகுப்பில் சொல்லும் பாடம் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவன மோசடி. ஏடுகளில் இருந்த ₹5,361 கோடி ரொக்க, வங்கி இருப்பில் ₹5,040 கோடி இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7ஆம் தேதிக் கடிதத்தில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டார். வங்கி இருப்பை வெளியிலிருந்து உறுதிப்படுத்தும் நடைமுறையில் தணிக்கையாளர்கள் தவறியதை அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்புகள் 2011இல் எடுத்துக்காட்டின. இதைக் கரும்பலகையில் விளக்கிவிட்டு வரும் துறை, தன் மாணவர்களின் கற்றலுக்குத் தானே வினா எழுதி, அக மதிப்பீட்டைத் தானே போட்டு, பொருத்த எண்ணையும் தானே இட்டு, அடைவைத் தானே கணக்கிட்டுச் சான்று கொடுக்கிறது. ஆசிரியர்களின் நேர்மையை இங்கே நான் ஐயுறவில்லை. எவ்வளவு நேர்மையானவர் போட்டாலும் அது உள் ஆவணம்தான்.

அப்படியானால் சி.ஏ. தேர்ச்சி விகிதத்தை வெளிச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். அது உதவாது. பி.காம். வகுப்பில் சி.ஏ. எழுதுவோர் ஒரு பகுதியினர்தான். அவர்களைத் தயார்செய்வதில் பயிற்சி மையங்களின் பங்கு பெரிது. வேலைவாய்ப்பு எண்ணிக்கையும் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது.

ஆஸ்திரேலியா போன வழி கவனிக்கத்தக்கது. அங்கே 2010இல் கணக்கியல் பட்டத்துக்கான குறைந்தபட்சக் கற்றல் தரங்கள் ஐந்தே ஐந்தாக வகுக்கப்பட்டன: தீர்ப்புத் திறன், அறிவு, பயன்படுத்தும் திறன், தொடர்பாடலும் குழுப்பணியும், தன்மேலாண்மை. பட்டியலில் தீர்ப்புத் திறன் முதலில் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதைவிட முக்கியம் அடுத்து அவர்கள் செய்தது. பெயர் நீக்கிய மாணவர் விடைகளை வேறு பல்கலைக்கழக ஆசிரியர்கள் படித்து, தரத்தை எட்டியிருக்கிறதா என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கு முன் எல்லோரும் அதே சில விடைகளைத் தனித்தனியே மதிப்பிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து, ஏன் வேறுபட்டோம் என்று பேசினார்கள். தொழில்முறைக் கணக்காளர்களும் அதில் கலந்துகொண்டார்கள். தொடக்கத்தில் தீர்ப்புகள் வெகுவாக வேறுபட்டன, பேசப் பேச நெருங்கின. தரம் என்பது தாளில் எழுதிய வாக்கியத்தில் மட்டும் இல்லை, அதைப் படிக்கும் ஆசிரியர்களுக்குள் உருவாக வேண்டிய பொதுப் புரிதல் என்பதற்கு இது நல்ல ஆதாரம். குறையும் உண்டு. நேரமும் பணமும் பிடிக்கும் வேலை இது. எழுத்தில் வராத திறன்கள் இதற்குள் சிக்குவதில்லை.

நம் ஊரில் இதற்கு வேண்டிய பாதி ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மத்திய மதிப்பீட்டு முகாமில் பதிவெண் மறைத்து டம்மி எண் போட்ட தாள்களைத்தானே வேறு கல்லூரி ஆசிரியர் திருத்துகிறார்? தாள் கைக்கு வருகிறது, மதிப்பெண் விழுகிறது, கட்டு கட்டப்படுகிறது. அந்தத் தாள் சொன்னது என்ன என்பதைக் கேட்க ஆள் இல்லை. ஒரு பாடத்துக்குப் பத்துத் தாள்களை மட்டும் எடுத்துவைத்து, நாலு கல்லூரி ஆசிரியர்கள் அரை நாள் உட்கார்ந்து, ‘ஐயக்கடன் ஒதுக்கை இவர் புரிந்துதான் போட்டாரா’ என்று பேசினால், அதிலிருந்து வரும் ஒரு பக்கக் குறிப்பு 2.37ஐவிட ஆயிரம் மடங்கு பயன்படும். அந்த அரை நாளுக்குப் பணிநேரக் கணக்கில் இடம் வேண்டும். அரசுக் கல்லூரிகளில் பாடச் சுமையில் பெரும்பங்கைத் தாங்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு அதற்கான ஊதியமும் வேண்டும். எக்செல் தாள் நிரப்புவதற்கு இப்போது போகும் நேரத்தை இதற்குத் திருப்பினாலே ஒரு பகுதி ஈடாகும்.

முதல் பருவத்திலிருந்தே இதைத் தொடங்குவது நல்லது. பிளஸ் டூவில் கணக்குப் பதிவியல் படித்தவரும், அறிவியல் பிரிவிலிருந்து வந்து பற்று வரவு என்பதையே முதல்முறை கேட்பவரும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். இறுதித் தேர்வில் இருவரும் 65 எடுத்தால், கல்லூரி இரண்டாமவருக்குச் செய்தது மிகப் பெரிது. இன்றைய அடைவுக் கணக்கில் அது தெரியவே தெரியாது. சேர்ந்த வாரத்தில் சிறிய கணக்கு ஒன்றை எல்லோருக்கும் கொடுத்து, அந்த விடையைப் பத்திரப்படுத்தி, ஆறாம் பருவத்தில் அதே மாணவர் எழுதும் விடையோடு சேர்த்து வெளிக் கல்லூரி ஆசிரியரிடம் கொடுக்கலாம். இதற்குச் செலவு அதிகமில்லை. நாக் கோப்பில் அந்த இரண்டு தாள்களும் அவற்றைப் படித்தவர் எழுதிய குறிப்பும் இடம்பெறட்டும். அடைவு எண் வேண்டுமானால் அதற்குப் பின்னிணைப்பாக இருக்கட்டும்.