இரட்சணிய யாத்திரிகமும் சபைச் சுற்றமும்

ஒரே நெறியில் நிற்போர் தம்மை ஒரு குடும்பத்தாராகக் கருதுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதரை ஏத்தும் வைணவர், அடியாரையே உறவினராகப் போற்றுவர். அதன் அண்மையில் திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்களைப் பாறையிற் பொறித்த சமணரும், தம் துறவோரைச் சங்கமாக அமைத்துப் பேணினர். வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் கிறித்துவத்தைத் தழுவியவர் எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900). அவர் 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தில், சபையார் ஒருவரையொருவர் தாங்கும் உறவு எவ்வாறு அமைந்துள்ளது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

உறவை அளத்தற்குரிய கோலைத் திருக்குறளின் 'சுற்றந்தழால்' அதிகாரம் தருகின்றது. செல்வம் அற்றபோதும் பழைய தொடர்பைப் பாராட்டுதல் சுற்றத்தார்க்கே உரிய இயல்பு என்பது அதன் கருத்து. 19-ஆம் நூற்றாண்டில் சமயம் மாறியோர் பலர் உடனுண்ணலையும் மணவுறவையும் இழந்தனர். 1850-ஆம் ஆண்டுச் சட்டம் அன்னாரின் சொத்துரிமையைக் காத்தது; உறவை மீட்டுத் தருதல் சட்டத்தால் இயல்வதன்று. சபை சுற்றமாகாவிடின் அவர்க்குச் சுற்றமே இல்லை என்க.

கிருட்டிணபிள்ளை தழுவிய மூலம், பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில நூலின் முதற்பகுதியாகும். அதன்கண் பயணி மனைவி மக்களை விட்டே புறப்படுகின்றான். வழியில் ஒரு தோழன் கொலையுண்ண, மற்றொருவன் வந்து சேர்கின்றான். சிறையில் மனமுடைந்து உயிர்விடத் துணிந்தபோது தடுத்தவனும், இறுதி ஆற்றில் மூழ்குங்கால் தலையைத் தாங்கியவனும் இத்தோழனே. குறள் கூறும் சுற்றத்தின் இலக்கணம் இவன்பால் முற்றும் பொருந்துகின்றது. குருதித் தொடர்பு இல்லாத ஒருவன் உடன்பிறந்தானாதலே இக்கதையின் உயிர்நாடி எனலாம்.

எனினும், ஒரு குறையையும் சுட்டாதிருத்தல் இயலாது. வழித்துணை வேறு, இல்லறம் வேறு. மெலிந்தோரும் கால் ஊனமுற்றோரும் குழந்தைகளும் ஒருங்கே செல்ல, வலியோர் அவர்க்காகத் தம் நடையைத் தளர்த்தும் காட்சி பனியனின் இரண்டாம் பகுதியிலேயே (1684) உள்ளது. முதற்பகுதியைத் தழுவிய காப்பியத்தில் இக்காட்சிக்கு இடம் வாய்க்கவில்லை. நம் புலவர் இவ்வாழ்வை அறியாதவர் அல்லர். அவர் 1853-இல் தமிழாசிரியராய் அமர்ந்த சாயர்புரம், துன்புறுத்தப்பட்ட கிறித்தவர் குடியேறுதற்பொருட்டு 1814-இல் வாங்கப்பெற்ற நிலத்தில் எழுந்த ஊர். வீடிழந்தோர்க்கு வீடும், உறவிழந்தோர்க்கு அண்டை அயலும் ஆங்கு ஒருங்கே கிடைத்தன.

காப்பியம் வழியைப் பாடிற்று. ஊர் வீட்டைக் கட்டிற்று. ஆகவே, தமிழ்க் கிறித்தவரின் சபையுறவை இரட்சணிய யாத்திரிகம் ஒன்றனைக் கொண்டே வரையறுத்தல் பொருந்தாது. அதனை இத்தகைய குடியேற்றங்களின் வரலாற்றோடு இணைத்துக் கற்றலே முறை என்பது எம் துணிபு.