லிட்டில் மிஸ் சன்ஷைன்

லிட்டில் மிஸ் சன்ஷைன் 2006-ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். துயரமும் நகைச்சுவையும் கலந்தது. ஜோனதன் டேட்டன், வலெரி ஃபாரிஸ் தம்பதியர் இயக்கிய முதல் கதைப்படம் இது. மைக்கேல் ஆர்ன்ட் எழுதிய திரைக்கதைக்கும், தாத்தாவாக நடித்த ஆலன் ஆர்கினுக்கும் ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன.

கதைச்சுருக்கம்

நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கியில் வசிக்கிறது ஹூவர் குடும்பம். ஏழு வயது ஆலிவுக்குக் கலிபோர்னியாவின் ரெடோண்டோ கடற்கரையில் நடக்கும் சிறுமியர் அழகிப்போட்டியில் பங்கேற்க வாய்ப்பு வருகிறது. விமானத்தில் செல்லப் பணமில்லை. மஞ்சள் நிறப் பழைய ஃபோக்ஸ்வேகன் வேனில் ஆறு பேரும் கிளம்புகிறார்கள்.

வெற்றிக்கு ஒன்பது படிகள் வகுத்துப் போதிக்கும் தந்தை ரிச்சர்ட், அந்தத் திட்டத்தையே புத்தகமாக விற்க முடியாமல் தவிக்கிறார். தாய் ஷெரில் குடும்பத்தைக் கட்டிக்காக்கப் போராடுகிறார். அவருடைய சகோதரர் ஃபிராங்க் தற்கொலைக்கு முயன்று பிழைத்த பேராசிரியர். மகன் டுவைன் விமானியாகும் வரை பேசுவதில்லை என்று விரதம் பூண்டவன். தாத்தா எட்வின் போதைப்பழக்கத்தால் முதியோர் இல்லத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்.

விமர்சனம்

வழியில் வேனின் கிளட்ச் பழுதாகிறது. அதன்பின் எல்லோரும் தள்ளி, வண்டி வேகமெடுத்ததும் ஓடி ஏறிக்கொள்ள வேண்டும். இந்த வேடிக்கையே படத்தின் மையக்கருத்தையும் சுமக்கிறது. உலகில் வென்றவர், தோற்றவர் என இரு வகையினரே உண்டு என்பது ரிச்சர்டின் கொள்கை. ஆனால் தோற்றவர்கள் சேர்ந்து தள்ளினால்தான் அவருடைய வண்டி நகர்கிறது.

அக்கொள்கை குழந்தையை எப்படிப் பாதிக்கிறது என்பதைப் படம் கூர்மையாகக் காட்டுகிறது. ஐஸ்கிரீம் தின்றால் உடல் பருமனாகும் என்று தந்தை சாப்பாட்டு மேசையில் மகளிடம் விளக்குகிறார். போட்டிக்கு முந்தைய இரவு, தோற்பவர்களை அப்பாவுக்குப் பிடிக்காதே என்று அவள் தாத்தாவிடம் அழுகிறாள். தோல்விக்கு அஞ்சி முயலாமல் இருப்பவரே உண்மையில் தோற்றவர் என்று தாத்தா தேற்றுகிறார். ஒழுக்கத்துக்கு முன்மாதிரியாகச் சொல்ல முடியாத அவரிடமிருந்து இந்த ஆறுதல் வருவது பொருள் பொதிந்தது.

தனக்கு நிறக்குருடு இருப்பதை அறியும் டுவைன் வேனிலிருந்து இறங்கி ஓடிக் கதறுகிறான். தாயின் சமாதானம் பலிக்கவில்லை. ஆலிவ் அருகே சென்று, ஒன்றும் பேசாமல் தோளில் கைபோட்டுத் தலைசாய்க்கிறாள். அவன் எழுந்து வருகிறான். படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுவே.

குறைகளும் உண்டு. தாத்தா இறந்தபின் அவர் உடலை மருத்துவமனையிலிருந்து கடத்திச் செல்லும் பகுதியில், துக்கத்துக்கு இடம் தராமல் சிரிப்பு விரைந்து வருகிறது. போட்டி நடத்துபவர்கள் வெறும் கேலிச்சித்திரங்களாக நின்றுவிடுகின்றனர்.

இறுதியில் ஆலிவ் ஆடும் ஆட்டம், சிறுமிகளைப் பெரிய பெண்களைப்போல அலங்கரித்து மேடையேற்றுவோரையே முகம் சுளிக்க வைக்கிறது. அவர்களின் போலித்தனம் வெளிப்படுகிறது. ஆயினும் ஒரு குழந்தையின் அறியாமையைப் படமும் சிரிப்புக்குப் பயன்படுத்துகிறதே என்ற சங்கடம் எழாமலில்லை. அவளைத் தடுக்கச் சொல்லப்பட்ட ரிச்சர்ட் தானும் சேர்ந்து ஆடுவது அச்சங்கடத்தைப் பெருமளவு தணிக்கிறது. ஒன்பது படிகளையும் அவர் அங்கேயே விட்டுவிடுகிறார்.

பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. திரும்பும்போதும் வேனைத் தள்ளியே ஏறுகிறார்கள். வறுமையோ கடனோ தீர்ந்ததாகப் படம் பொய் சொல்லவில்லை. அதுவே அதன் நேர்மை.

போதைப்பொருள், தற்கொலை முயற்சி, கொச்சைப் பேச்சு ஆகியவை இடம்பெறுவதால் மாணவர்கள் பெரியவர்களுடன் பார்ப்பது நல்லது.